உத்தண்டியில் ஒரு பஞ்சர்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. தலையில் ஹெல்மெட் இருக்கிறது. பெயர் கிளாடிஸ், வயது நாற்பத்து நான்கு, ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சீடரின் பெயர் குணசீலன், இன்சூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர், வயது ஐம்பத்தாறு. குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது கூட என்பதில் இருவருக்குமே சங்கடம் இல்லை. சைக்கிளில் யார் முதலில் ஏறினாரோ அவர்தான் பெரியவர்.

குணசீலன் ஏறியது பதினோரு வருடத்துக்கு முன்னால். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது, உடம்பு தொண்ணூற்றாறு கிலோ. அப்போது குழுவில் மொத்தமே ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராயபுரத்தில் கிளம்பி, கடற்கரைச் சாலை வழியாக அடையாறு, திருவான்மியூர் தாண்டி, முட்டுக்காடு பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.

நிற்பதற்கும் பஞ்சமில்லை. டீச்சரின் வண்டி எப்போது பார்த்தாலும் பஞ்சர் ஆகும். நீலாங்கரையில் பஞ்சர், பனையூரில் பஞ்சர், உத்தண்டியில் பஞ்சர். மண்ணடியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த மீரான் பாய் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிடுவார். யாரையும் கிட்டே விடமாட்டார். பஞ்சர் ஒட்டி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதுவரை மற்றவர்கள் நுங்கு தின்பார்கள், வீட்டுக் கதை பேசுவார்கள், வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒருமுறை பனையூரில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பேரும் ஒரே தார்ப்பாயை ஆளுக்கொரு ஓரம் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதை இன்றைக்கும் குணசீலன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"டீச்சருக்கும் முள்ளுக்கும் போன ஜென்மத்துப் பகை" என்று முதலில் கேலி செய்தவர் அவர்தான். கேலியோடு விட்டாரா, அதுவும் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லி, முள் ஏறாத டயர் இரண்டு ஜோடி வரவழைத்தார். ஒரு ஜோடி தனக்கு, ஒரு ஜோடி டீச்சருக்கு. டீச்சர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு பரணில் போட்டுவிட்டார். அந்த மனத்தாங்கல் குணசீலனுக்கு ரொம்ப நாள் இருந்தது.

இப்போது குழுவில் நூற்று நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். யார் எவ்வளவு வேகம் என்று போன் சொல்லிவிடுகிறது. யாருக்காவது பஞ்சர் ஆனால் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். மற்றவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மீரான் பாய் காலமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. தேர் இழுக்க ஊரைக் கூட்டுவது போல இத்தனை பேரைச் சேர்த்தவர் குணசீலன்தான். தேர் தன்னை விட்டுவிட்டு ஓடுகிறதே என்று இப்போது புலம்புகிறவரும் அவரேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் போகவில்லை. எப்போதும் கடைசி ஆளாக வருகிற டீச்சரோடு சேர்ந்து மிதித்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"அந்த நாளெல்லாம் எங்க டீச்சர் போச்சு?"

டீச்சர் மிதித்துக்கொண்டே இருந்தார். ஈஞ்சம்பாக்கம் வந்தது, போனது.

"நூத்தி நாப்பது பேர் இருக்கோம். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல. போதும், நான் வெலகிக்கறேன். மெசேஜ்கூட எழுதி வச்சுட்டேன். முட்டுக்காடு போய்ச் சேர்ந்ததும் குரூப்ல போட்டுடுவேன்."

"உங்க டயர்ல காத்து எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. மாட்டின நாள்லேர்ந்து ஒரு பஞ்சர் ஆனதில்ல."

"அதான் பாத்தேன்" என்றார் டீச்சர்.

இதென்ன பதில் என்று குணசீலனுக்கு எரிச்சலாக இருந்தது. பதினோரு வருடத்துப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றியது.

உத்தண்டியில், சாலை ஓரமாக வேதவல்லி நின்றுகொண்டிருந்தார். வங்கியில் காசாளர், குழுவுக்குப் புதிது. மூன்று மாதமாக அடையாறு வரை வந்து பழகியவர். முட்டுக்காடு போக இன்றுதான் துணிந்திருந்தார். கூட வந்தவர்களெல்லாம் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு அவசர போன் சார். நீங்க போங்க, நான் இப்படியே திரும்பிடறேன்" என்றார். பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கியது. "அடுத்த வாரம் பாக்கலாம்."

போனில் வெளிச்சமே இல்லை. குணசீலன் அதைப் பார்த்தார்.

அந்த 'அடுத்த வாரம்' அவருக்கு நன்றாகத் தெரியும். சேர்ந்த புதிதில், இதே உத்தண்டியில் ஒரு நாள், ஷூ கயிறு அறுந்துவிட்டது என்று பொய் சொல்லி அவரும் அதைத்தான் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்கள் மறுபடி வருவதில்லை. வண்டியைக்கூட விற்றுவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தார். நல்ல வேளையாக, அவர் வண்டியைத் திருப்புவதற்குள் டீச்சருக்குப் பஞ்சர் ஆகிவிட்டது.

இதையெல்லாம் வேதவல்லியிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரிங்க மேடம். பாத்துப் போங்க" என்றார்.

முதுகுக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். டீச்சர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார்.

"அடடா, பஞ்சர்" என்றார் டீச்சர்.

"ஐயையோ!" வேதவல்லி போனைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியை ஸ்டாண்ட் போட்டார். "என்கிட்ட பம்ப் இருக்கு டீச்சர். பட்டறைக்காரர் வாங்கச் சொன்னார், இதுவரைக்கும் பையைவிட்டு வெளிய எடுக்கல."

"இருங்க, வேனைக் கூப்பிடறேன்" என்றார் குணசீலன்.

"வேன் வேணாம் சார். முன்னால போனவங்களைக் கூப்பிடுங்க. சட்டம் சட்டம்தானே?"

அந்தச் சட்டம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அவர் மெசேஜ் போட்டார். உத்தண்டியில் டீச்சருக்குப் பஞ்சர், எல்லோரும் நிற்கவும்.

நூற்று நாற்பதில் இருபது பேர் திரும்பி வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வேதவல்லி, முட்டுக்காட்டில் சாப்பிட வைத்திருந்த மிளகாய்ப்பொடி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். முணுமுணுப்பு கொஞ்சம் குறைந்தது.

குணசீலன் சக்கரத்தைக் கழற்றித் தள்ளி எடுத்துப் போனார். டீச்சரும் கூடவே வந்து உட்கார்ந்தார். டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார் குணசீலன். முள் இல்லை. டியூபில் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினார். எங்கேயும் காற்று வரவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை.

"டீச்சர், பஞ்சரே இல்லையே!"

"மெதுவாப் பேசுங்க சார்."

டீச்சர் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில், காற்றை இறக்குவதற்காகக் கழற்றிய வால்வின் மூடி இருந்தது.

குணசீலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு... நான் ஷூ கயிறுன்னு சொன்னேனே, அன்னைக்கும்?"

டீச்சர் தலையாட்டினார்.

"பனையூர்ல? மழையில?"

"பனையூரும்தான்."

"நீலாங்கரை?"

"அது நெஜமாவே முள்ளு சார். அத்தனையும் என் தலைல கட்டாதீங்க."

"மீரான் பாய்தானே ஒட்டுவார்? அவருக்குத் தெரியாதா?"

"நான் புதுசா வந்தப்ப ராயபுரத்துலேர்ந்து அடையாறு போறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். அப்ப மீரான் பாய் வண்டிதான் வாராவாரம் பஞ்சர் ஆகும். சைக்கிள் கடை வச்சுக்கிட்டு வண்டியை இப்படி வச்சிருக்காரேன்னு நான்கூட மனசுக்குள்ள திட்டியிருக்கேன்."

குணசீலனுக்கு டீச்சர் வீட்டுப் பரணில் கிடக்கும் இரண்டு டயரும் கண் முன்னால் வந்தன. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட மீரான் பாயை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது.

டீச்சர் ஒட்டுப் போடும் சாமானை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஒட்டுங்க."

"எங்க ஒட்டறது? ஓட்டையே இல்லையே."

"எங்க வேணா ஒட்டுங்க. அவங்க மூச்சு அடங்கட்டும்."

குணசீலன் ஒட்டினார். தேய்த்துத் தேய்த்து, ஊதி ஊதி, மீரான் பாய் செய்தது போலவே இருபது நிமிடம் ஒட்டினார். யாரோ எட்டிப் பார்க்க வந்தபோது, "தள்ளி நில்லுங்க, கை படக்கூடாது" என்று விரட்டினார்.

அந்தப் பக்கம் கொல்லென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு. நடுவில் வேதவல்லியின் குரல் தனியாகக் கேட்டது.

"இப்பதான் கேள்விப்பட்டேன், அடிக்கடி ஆகுமாமே! டீச்சருக்கும் முள்ளுக்கும் ஏதோ பழைய தகராறு போலருக்கு."

குணசீலனின் கண் நிறைந்துவிட்டது. சக்கரத்தை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

எல்லோரும் கிளம்பினார்கள். "முட்டுக்காடு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வேதவல்லி கேட்டார். "எட்டு கிலோமீட்டர்" என்றது ஒரு குரல். "அவ்வளவுதானா?" என்று மிதிக்க ஆரம்பித்தார். அவசர போன் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடி டீச்சரும் குணசீலனும் கடைசியில் இருந்தார்கள். பாலம் தெரிந்ததும் குணசீலன் டீச்சருக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"டீச்சர், அந்த மெசேஜைப் போடட்டுமா, வேணாமா?"

டீச்சர் குனிந்து அவருடைய டயரை ஒரு முறை பார்த்தார்.

"என் வண்டி மேல இப்பவே ரெண்டு பேருக்கு சந்தேகம் வந்துடுச்சு சார். வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த சிங்கப்பூர் டயரைக் கழட்டுங்க. அடுத்த வாரம் உங்களுக்குப் பஞ்சர்."