நாற்பது ஃபிரேம்

எசக்கிமுத்து தென்காசி வழித்தடத்துப் பேருந்து நடத்துநர். வயது நாற்பத்தாறு. அவருக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஆசான் செண்பகவடிவு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அந்தப் பாழாய்ப்போன மூக்குக்கண்ணாடி மேல்தான். மாசி மாதப் போட்டியில் ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மூன்று மாதமாகக் கண்ணாடியை விட்டுவிட்டு லென்ஸ் மாட்டிக்கொண்டுதான் வருகிறார். அன்று காலை வலது கண் செக்கச்செவேலென்று இருந்தது. வழக்கம்போலக் குனிந்து களத்து மண்ணைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றப் போனார்.

ஆசான் எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“லென்ஸ் போட்ட பொறவும் தெனம் இப்படித்தானா, அண்ணாச்சி?”

“களத்தைக் கும்பிடாம கம்பைத் தொடலாமா, ஆசான்?”

“மாசத்துக்கு ஒரு ஜோடி மாத்தணும்னு சொல்லித்தானே குடுத்தாங்க?”

“ஒரு ஜோடிய மூணு மாசம் ஓட்டுதேன். அப்பத்தான் கணக்கு கட்டுது.”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பத்து வருடச் செலவு. ஒரு பக்கம் லென்ஸ், கழுவுகிற மருந்து, டப்பா. மறுபக்கம் கண்ணாடி. மாதாமாதம் மாற்றினால் லென்ஸ் எகிறியது. மூன்று மாதம் ஓட்டினால் லென்ஸ்தான் மலிவு.

“எது லாபம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அவள் பொறுமையாகப் படித்தாள்.

“கண்ணாடிப் பக்கம் நாப்பது ஃபிரேம் போட்டிருக்கே?”

“வருசத்துக்கு நாலு ஒடையுதுல்லா.”

“எப்படி ஒடையுது?”

“மொகத்துல அடி விழுது” என்றார் சற்றுத் தணிந்த குரலில்.

“லென்ஸக் கழட்டுங்க. இப்பவே போயி கண் டாக்டரப் பாருங்க. சரியானதும் பழைய கண்ணாடியோட வாங்க.”

இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணா?

“அப்போ போட்டி?”

“எறங்குறீங்க. அதுல மாத்தமில்ல.”

“கண்ணாடியோடயா? அது மறுபடியும் ஒடையுமே, ஆசான்!”

ஆசான் தாளை மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தாள். பிறகு கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“பத்து வருசமும் மொகத்துல அடி வாங்கிட்டேதான் இருப்பீங்கன்னு கணக்கு எழுதி வச்சிருக்கீங்களே, அண்ணாச்சி!”