துடைக்காத கல்

செவ்வாயில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இங்கிருந்து கட்டளை எழுதி அனுப்புவது தவசிமுத்துவின் வேலை. அதைக் கற்றுக்கொடுத்தவர் மரகதவடிவு. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அங்கே ஒரு வழக்கம். எந்தக் கல்லானாலும் வண்டியிலுள்ள பிரஷ்ஷால் முதலில் தூசியைத் துடைக்க வேண்டும். பிறகுதான் கருவியை வைத்து, கல்லில் என்ன தாது என்று பார்க்க வேண்டும். தூசி என்னவோ செவ்வாய் முழுக்க ஒரே துருத் தூசிதான்.

அன்றைக்கு வண்டியின் பேட்டரி குறைவு. இன்னும் முப்பது மீட்டர் ஓடட்டுமே என்று தவசிமுத்து துடைக்கும் கட்டளையை மட்டும் எடுத்துவிட்டான். கருவி வழக்கமான துருவைச் சொன்னது. வரைபடத்தில் அந்தக் கல்லுக்கு நேரே 'களிமண் இல்லை' என்று எழுதினான். களிமண் இருந்தால், ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று பொருள்.

மூன்று வாரம் கழித்து, பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தான். சக்கரம் உரசித் தூசி போன ஓரத்தில் அந்தக் கல் களிமண்போல வெளுத்துக் கிடந்தது.

டீச்சரிடம் ஓடினான்.

"வண்டியைத் திருப்பலாமா, டீச்சர்?"

"மணல் சரிவுல இறங்கியாச்சு. இனிமே ஏறாது."

"செவ்வாய் தோஷம்னு என் ஜாதகத்துலயே சொன்னாங்க."

"செவ்வாய் என்ன பாவம் செஞ்சுது? பிரஷ்ஷை எடுத்தது நீங்க. கிழங்கைக் கழுவாமக் கடிச்சுட்டு மண்ணு ருசியைச் சொல்லியிருக்கீங்க."

அவன் தலை தொங்கிப்போயிற்று.

"அந்தக் கல்லுல என்னதான் இருந்திருக்கும்?"

"தெரியாது."

"ஒரு யூகமாவது சொல்லுங்களேன்."

டீச்சர் வரைபடத்தைத் திறந்து, அவன் எழுதியிருந்ததை அழித்தார். கீபோர்டை அவன் பக்கம் தள்ளினார்.

"'பார்க்கவில்லை'ன்னு எழுதுங்க. பக்கத்துல உங்க பேரு."

"பேருமா? காண்டீன்ல வச்சுச் சிரிப்பாங்களே!"

"சிரிப்பாங்க."

"அந்தக் கல்லுகிட்ட இனி யாரு போகப் போறா, டீச்சர்? ஒரே ஒரு சொல்லு. இருந்துட்டுப் போகட்டுமே."

டீச்சர் வரைபடத்தை வடக்கே நகர்த்தினார். ஒரு பள்ளத்தின் மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"உங்க வயசுல நான் 'இல்லை'ன்னு எழுதின இடம் இது. நானும் துடைக்கலை. யாருகிட்டயும் சொல்லலை. அப்புறம் இந்தப் பக்கமா ரெண்டு வண்டி வந்துச்சு. ரெண்டுமே என் சொல்லை நம்பி, விலகிப் போயிருச்சு."