பன்னிரண்டு பீரங்கிகளும் ஓர் ஈர்க்குச்சியும்

தென்கரை நாட்டுத் தளபதி வில்லவராயருக்கு வயது அறுபது. அவருடைய குரு உமையாள் அம்மைக்கு நாற்பத்திரண்டு. தளபதி காலில் விழும்போதெல்லாம் அம்மைக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அன்று அவர் மடத்துக்கு வந்தபோது அம்மை அடுக்களையில் இடியாப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாயே, ஒரு கேள்வி. ஒரு நாடு வல்லரசாக எத்தனை பீரங்கி வேண்டும்?"

"இப்போது எத்தனை வைத்திருக்கிறீர்கள்?"

"பன்னிரண்டு. எல்லாம் கடல் கடந்து வந்தவை. அடுத்த கப்பலில் இன்னும் பன்னிரண்டு கேட்கலாமா என்று..."

"இருக்கிற பன்னிரண்டும் வெடிக்குமா?"

தளபதி தலையைச் சொறிந்தார். அவர் வந்ததே அதற்காகத்தான்.

ஆயுத பூஜைக்கு வாள், வேல், கேடயம் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசுவது அந்த நாட்டு வழக்கம். புதிதாக வந்த பீரங்கிகளை மட்டும் விட்டுவிட மனசு வருமா? வீரர்கள் குடம் குடமாகச் சந்தனம் குழைத்துக் கண்ணில் பட்ட இடமெல்லாம் அப்பிவிட்டார்கள். நெருப்பு வைக்கும் சின்னத் துளைக்கும் பக்தியோடு ஒரு பெரிய பொட்டு. அது உள்ளே இறங்கிக் கல்லாக இறுகிவிட்டது.

"நாளை மதியம் வடகரைத் தூதர் வருகிறார், தாயே. பன்னிரண்டு குண்டு முழங்கி வரவேற்பதாகச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முழங்காவிட்டால் அடுத்த வாரமே அவர்கள் படை ஆற்றைக் கடந்துவிடும். பயமாக இருக்கிறது."

"துளையைக் குத்திவிட வேண்டியதுதானே?"

"ஐயோ! விற்றவர்களின் ஆளைத் தவிர யாரும் பீரங்கியில் கைவைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் தன் ஊருக்குப் போயிருக்கிறான். காற்று திரும்பினால்தான் கப்பல் வரும். ஆறு மாதம் ஆகும்."

"அதுவரை வடகரைப் படை காத்திருக்குமா?"



அம்மை உரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதன் இரண்டு துளைகளில் பழைய மாவு அடைத்திருந்தது. கூரைக் கீற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குத்தினார். மாவு விழுந்தது. அதே குச்சியையும் வெந்நீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தார். தளபதி பின்னாலேயே ஓடினார்.

முதல் பீரங்கியின் துளையில் அம்மை வெந்நீர் ஊற்றினார். தளபதி கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாலு குத்துக்குச் சந்தனம் கரைந்து வந்தது. மற்றப் பதினொன்றையும் வீரர்களே போட்டி போட்டுக்கொண்டு குத்தினார்கள். சாயங்காலம் வரை பீரங்கிகள் வெயிலில் காய்ந்தன.

மறுநாள் பன்னிரண்டும் முழங்கின. தூதர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே மறு கையால் சமாதான ஓலையை நீட்டினார்.

தளபதி நேராக மடத்துக்கு வந்தார். சந்தோஷத்தில் எட்டு இடியாப்பம் சாப்பிட்டார். ஒன்பதாவதைப் பிய்க்கும்போதுதான் நேற்றைய பயம் திரும்ப வந்தது.

"தாயே, நீங்கள் குத்தும்போது ஏதாவது உடைந்து போயிருந்தால்?"

அம்மை அவர் இலையில் தேங்காய்ப்பால் ஊற்றினார்.

"கழற்றிப் பார்த்து, நாமே சரிசெய்யக் கற்றுக்கொண்டிருப்போம். பன்னிரண்டில் ஒன்றாவது நம்முடையது ஆகியிருக்கும்."