மலையைக் குற்றம் சொன்ன மாணவன்

குமணன் வானியலில் முனைவர் பட்ட மாணவன். துறையின் இணையப் பக்கத்தில் அவனைப் பற்றி இரண்டே வரி. ஆய்வு: ஒளி மாறும் விண்மீன்கள். பொழுதுபோக்கு: மலையேற்றம், சைக்கிள், காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது. இரண்டாவது வரிக்கு அவன் குறையே வைத்ததில்லை.

முதல் வரிதான் தகராறு. போன ஜூலையில் மங்கும் என்று அவன் கணித்த விண்மீன் மங்கவில்லை. அது பாட்டுக்கு ஜெகஜோதியாக எரிந்தது. அதை ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக எழுதி இந்த மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நெறியாளர் ஹெப்சிபாவிடம் போய் நின்றான்.

"மேடம், எழுத்தே ஓட மாட்டேங்குது. இந்த மலைப் பைத்தியம்தான் காரணம். என்ன பண்ணட்டும்?"

"ஷூவைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போ."

வெறுங்காலோடு போனான். மறுவாரம் வந்தான்.

"இப்ப சைக்கிள் இழுக்குது மேடம்."

"அதையும் கொண்டா."

சைக்கிள் அவர் அறைக்குள் ஏறியது. பின்னாலேயே ஹெல்மெட், கயிறு, கடைசியாகக் கூடாரம். நாற்காலியை நகர்த்த இடமில்லை.

"மேடம் அடகுக் கடை வச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஆய்வக உதவியாளர்.

குமணன் மேசையைவிட்டு எழவில்லை. வரைபடத்தில் சிவப்புக் கோட்டை நீலமாக்கினான். நீலத்தை மறுபடி சிவப்பாக்கினான். அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் பிரமாதமாக வந்திருந்தது.

கெடு நெருங்கியதும் பதறிக்கொண்டு ஓடினான். அறை பூட்டியிருந்தது. மேடம் மொட்டை மாடியில் என்றார்கள்.

மாடியில் அவனுடைய கூடாரம். உள்ளே சம்மணமிட்டு, மடியில் கணினியோடு ஹெப்சிபா.

"வாப்பா. காத்து என்னமா வருது! நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்துக்கிட்டிருந்த என் கட்டுரையை இதுல உக்காந்துதான் முடிச்சேன்."

குமணன் கூடாரத்துக்குள் தலையை நீட்டினான். "எல்லாத்தையும் விட்டாச்சு மேடம். இனிமே விடறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா ஒரு வரிகூட வரல."

"விண்மீன் மங்கலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜூலைக் கடைசியில மேடம்."

"மலையே கதின்னு கிடக்க ஆரம்பிச்சது?"

"ஆகஸ்ட்ல..."

சொல்லிவிட்டு அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

ஹெப்சிபா நகர்ந்து இடம் விட்டார்.

"அப்ப மலை என்ன பண்ணும், பாவம்? உள்ள வந்து உக்காரு."