சோபாவுக்குள் கிடந்த தோடு

குருவைவிடச் சிஷ்யருக்கு இருபது வயது கூடுதல். மில் கேட்டில் வாட்ச்மேனாகப் பெண்களின் டிபன் பையைத் திறந்து பார்த்தே காலம் தள்ளிய நாச்சிமுத்து, ஓய்வுக்குப் பிறகு சுலோச்சனாவிடம் சோபா வேலை கற்க வந்தார். சுலோச்சனா தன் வீட்டு முன்னறையிலேயே அந்தத் தொழிலை நடத்தி வந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளே எது கிடந்தாலும், ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, சோபாவின் அடியில் தைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று கோமளவல்லியின் சோபா வந்தது. கூடவே வந்த கோமளவல்லி சும்மா போகவில்லை.

"வேலைக்கு இருந்த பழனாத்தாளை நிறுத்திட்டேன் சுலோச்சனா. என் தோடு ஒண்ணைக் காணோம். அவளைத் தவிர வீட்டுக்குள்ள யாரு வர்றா?"

நாச்சிமுத்து பழைய துணியை உரித்தார். சாய்மானத்தின் இடுக்கில் தூசிக்குள் ஏதோ மின்னியது. கல் வைத்த தோடு! அவர் வாயைத் திறக்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்து கையும் களவுமாகப் பிடிப்பதுதான் அவருடைய கேட் பழக்கம். குரு என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது இடுக்கின் மேல் காடாத்துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. துணிப்பையைத் தடவினார். ஹேர்பின், பேனா மூடி, பொம்மைக் கார் சக்கரம்.

"வேற ஒண்ணும் கிடைக்கலைங்களா, மேஸ்திரியம்மா?"

"பையில போடற சாமான் அவ்வளவுதானுங்கண்ணா."

இவளையா குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்? திருட்டு வீட்டில் தொழில் கற்றுக்கொண்டு எந்த முகத்தோடு கடை போடுவது? சுலோச்சனா உலை வைக்க உள்ளே போனதும் அவள் நூல் டப்பாவைக் கிளறினார். பிறகு மேசை இழுப்பறை, ஆணியில் தொங்கிய கைப்பை. தோடு இல்லை. கெட்டிக்காரி, இதற்குள் இடம் மாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். நாளையோடு இந்த வாசலுக்கு ஒரு கும்பிடு.

மறுநாள் கோமளவல்லி வந்தாள். அவள் உட்காரும்முன் வாசலில் இன்னொருத்தி வந்து நின்றாள். பழனாத்தாள்.

"இவ எதுக்கு இங்க?" என்றாள் கோமளவல்லி.

"நான்தாங்க வரச் சொன்னேன்." சுலோச்சனா ஸ்டேப்ளர் பின் பிடுங்கும் கருவியைக் கோமளவல்லியிடம் நீட்டினாள். "இந்தக் காடாவை உங்க கையாலயே பிரிங்க."

கோமளவல்லி முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். துணி விலகியது. தோடு தூசியோடு அதே இடுக்கில் கிடந்தது.

பழனாத்தாள் படியேறாமலே கேட்டாள்.

"நல்லாப் பாருங்கம்மா. உங்க தோடுதானுங்களா?"

கோமளவல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கண் கலங்கியது. "நாளைக்கு வேலைக்கு வந்துரு பழனாத்தா" என்றாள். பழனாத்தாள் திரும்பி நடந்தாள். தோட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு கோமளவல்லியும் அவள் பின்னாலேயே போனாள்.

நாச்சிமுத்து வெகுநேரம் காடாத்துணியையே மடித்துக்கொண்டிருந்தார்.

"வழக்கம்போலப் பையில போட்டிருக்கலாமேங்க?"

"போட்டிருந்தா அவங்க சத்தமில்லாம எடுத்துக் காதுல மாட்டியிருப்பாங்க. பழனாத்தாளுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்கதான் எனக்கு முன்னாடியே பாத்தீங்களேண்ணா. நீங்க சொல்லுவீங்கன்னு நானும் இருந்தேன்."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சுலோச்சனா நூல் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாக உள்ளே ஒரே சிக்கல்.

"நேத்து நான் உலை வைக்கப் போனப்ப இதைக் கலைச்சிட்டீங்க. உக்காந்து பிரிச்சு வச்சிருங்கண்ணா. அப்புறம்தான் அடுத்த வேலை."