தட்டைத் தலை அரசரும் ஆற்றுக் கல்லும்

முன்னொரு காலத்தில், மழை ஓயாத அயர்லாந்துத் தீவில் கொனல் என்றொரு அரசர் இருந்தார். அவருடைய உச்சந்தலை தோசைக்கல் மாதிரி தட்டை. அதில் அவருக்குப் பெருமைதான். அவர் பிறந்த அன்று, "மாலை வரை பொறுத்தால் பிள்ளை நாடாள்வான்" என்று அக்காலத்துச் சோதிடர் சொல்ல, அவருடைய தாய் ஆற்று நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்து பிரசவத்தை அடக்கிக்கொண்டாளாம். கல் அழுத்தித் தலை தட்டையாயிற்று, ராஜ்யமும் கிடைத்தது. விருந்துதோறும் இந்தக் கதையைக் கேட்டுச் சபைக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அரசவை விகடன் ரோனன்மேல் இப்போதைய சோதிடர் டார்பனுக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஒருநாள் காலை ரோனனின் மனைவி ஏத்னாவுக்கு இடுப்புவலி கண்டது. டார்பன் அரசரிடம் ஓடினார்.

"மன்னர் பெருமானே, தாங்கள் பிறந்த அதே நல்ல நேரம் இன்று மாலை வருகிறது. அதற்கு முன் ரோனனின் பிள்ளை பிறந்தால் அரண்மனைக்கே ஆகாது."

"அப்படியானால் அவளும் அந்தக் கல்லில் உட்காரட்டும்" என்றார் அரசர். "என் தாய் பொறுத்தாள், இவள் பொறுக்க மாட்டாளா? மீறினால் ரோனன் நாட்டை விட்டுப் போகட்டும்."

காவலர்கள் ஏத்னாவை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தது.

"என்னால முடியாதுங்க. ஏதாவது பண்ணுங்க" என்று கணவன் கையைப் பிடித்தாள். ஊரைச் சிரிக்க வைத்தே பிழைத்த ரோனனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

"தண்ணில இறங்காதே, இதோ வந்துடறேன்" என்றவன், வழியில் ஒரு தச்சனை இழுத்துக்கொண்டு சபைக்கு ஓடினான். நேரே போய்ச் சிம்மாசனத்தைக் கயிற்றால் அளக்கத் தொடங்கினான்.

"என்ன காரியம் செய்கிறாய்?" என்றார் அரசர்.

"அகலப்படுத்த அளவெடுக்கிறேன், அரசே. சோதிடர் பெருமானே, அந்த நேரத்தில் பிறப்பவர் நாடாள்வது உறுதிதானே?"

"உறுதி. என் கணக்கு தப்பாது" என்றார் டார்பன், தாடியை நீவியபடி.

"அரச ஆணைப்படி என் பிள்ளையும் அதே நேரத்தில்தான் பிறக்கப்போகிறது. அரசர் இருவரும் ஒரே ஆசனத்தில் இடித்துக்கொள்ளக் கூடாதல்லவா?"

டார்பனுக்கு முகம் வெளிறியது. கணக்கு தப்பு என்றால் அரசரின் பிறப்புக் கதையே பொய்யாகிவிடும். சரி என்றால் நாட்டுக்கு இன்னோர் அரசன்.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். பிள்ளை இஷ்டப்பட்ட நேரத்தில் பிறக்கட்டும். டார்பன், கல் காலியாகத்தானே இருக்கிறது? மாலை வரை நீர் போய் உட்காரும்."

உச்சிவேளைக்குள் ஆண் குழந்தை பிறந்தது. கறவைப் பசுக்களை ஓட்டிக்கொண்டு அரசரே வந்தார். குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தார். பந்துபோல் உருண்டை.

"பாவம், என் அம்மா" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இந்தத் தலையில் என் கிரீடம் நிற்காது, ரோனா. நான் பிழைத்தேன். பசுக்களைப் பிடித்துக் கட்டு."