மாசிலாமணியின் கழுத்து

ஒரு காட்டில், இலுப்பை மரத்தடியில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஆமை மாசிலாமணியின் காதில் இரண்டு அணில்களின் பேச்சு விழுந்தது.

"ஆண்டவரை நம்புவேன் என்று நம்ம அண்ணாச்சி எவ்வளவு சத்தமாகப் பாடினார், கேட்டாயா?"

"கேட்டேன். தலையைத்தான் காணோம்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. உண்மைதான். வானத்தில் பருந்து தெரிந்தால் போதும், பாட்டின் பாதியிலேயே ஓட்டுக்குள் போய்விடுவார். மீதிப் பாட்டு உள்ளேயிருந்து வரும்.

இனி விசுவாசத்தை வளர்த்தே தீருவது என்று முடிவு செய்தார். ஆற்றங்கரைப் பாறையில் ஒரு கோடு கிழித்தார். தினமும் ஜெபித்துவிட்டுப் பாறையோரம் நின்று கழுத்தை நீட்டுவார். தலை கோட்டைத் தொட்டால் விசுவாசம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தொடவே இல்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தார். கழுத்து மெலிந்ததே தவிர நீளவில்லை.

"இன்றைக்கு எப்படி அண்ணாச்சி?" என்று அணில்கள் விசாரிக்கும்.

"ஒரு நெல்லளவு குறைகிறது. ஜெபத்தில் கொஞ்சம் தூங்கிவிட்டேன்."

சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்து நாள் வந்தது. அன்று பார்த்து ஆற்றில் வெள்ளம். விருந்துக்குக் கிளம்பிய எலி ரூபவதியும் அவள் நான்கு குஞ்சுகளும் நடு ஆற்று மணல்திட்டில் மாட்டிக்கொண்டார்கள். திட்டு கரைந்துகொண்டே வந்தது. மேலே பருந்து வட்டமிட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் வருகிறீர்களா?" என்று கூப்பிட்டாள் ரூபவதி.

கரையில் நின்ற மாசிலாமணி வானத்தைப் பார்த்தார். கழுத்து தானாக உள்ளே போனது.

"ஆண்டவரே, முதலில் விசுவாசத்தைத் தாரும். பிறகு போகிறேன்" என்று உள்ளேயிருந்து ஜெபித்தார்.

"பிறகு என்றால் திட்டு தாங்காது அண்ணாச்சி" என்றாள் ரூபவதி.

மாசிலாமணி தலையை மெல்ல வெளியே நீட்டினார்.

"சரி ஆண்டவரே, இருக்கிறதை வைத்துக்கொண்டு போகிறேன். குறைவதை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லித் தண்ணீரில் இறங்கினார்.

இரண்டு குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பருந்து தாழ்ந்து வந்தது. தலையை இழுத்துக்கொண்டால் வழி தெரியாது. குஞ்சுகள் வெள்ளத்தோடு போய்விடும். மாசிலாமணி கழுத்தை நீட்டியபடியே நீந்தினார். கரையில் அணில்கள் போட்ட கூச்சலில் பருந்து மிரண்டு விலகியது.

பாறையோரம் கரையேறினார்.

"அண்ணாச்சி, கழுத்து கோட்டைத் தாண்டி நிற்கிறது. அப்படியே இருங்கள், நன்றாகப் பார்த்துச் சொல்கிறோம்" என்றன அணில்கள்.

திட்டில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மாசிலாமணி மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்.

நீதி: விசுவாசம் வளரட்டும், பிறகு உதவலாம் என்று காத்திருக்காதே, ஆண்டவரை நம்பிப் பிறருக்கு உதவப் போகும் வழியில்தான் அது வளர்கிறது.